குதிகாலைப் பிடித்த கை

1

போன வாரம் இங்கே சிங்கப்பூர்த் தேக்காவிலிருந்து வெள்ளிக்கடைக்காரர் போன் செய்தார். "அண்ணே, உங்க வீட்டம்மா சொன்ன வெள்ளிக் கால் செஞ்சு ரொம்ப நாளாச்சு. வந்து எடுத்துக்கிட்டுப் போங்க. ஒத்தக் கால வச்சுக்கிட்டு நான் யாருக்கு விக்கிறது?"

சனிக்கிழமை போனேன். சிராங்கூன் சாலையில் வழக்கமான கூட்டம். விடுப்புக் கிடைத்த கட்டுமானத் தம்பிகள், மல்லிகைப்பூ வாங்குபவர்கள், வெயிலில் சிவந்துபோய்ப் படம் பிடிக்கும் வெள்ளைக்காரர்கள். கடைக்காரர் இழுப்பறையின் அடியிலிருந்து ரோஸ் தாளில் மடித்த பொட்டலத்தை எடுத்துப் பிரித்துக் காட்டினார். விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளித் தகட்டுப் பாதம். இடது கால். ஐந்து விரல்களும், கணுக்காலும், பின்னால் குதிகாலும் அச்சாக இருந்தன.

இது என்னவென்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கண் வலி நீங்கினால் கண்மலர், கால் குணமானால் கால். ஊரில் செய்வதை எல்லாம் இங்கேயும் செய்கிறோம். கடல் தாண்டியதால் காளி வேறு காளி ஆகிவிடவில்லை.

"பையனுக்குக் கால் சரியாயிடுச்சாண்ணே?" என்று கேட்டார்.

"நடக்கிறான்" என்றேன். பொய் இல்லை. நடக்கிறான்தான்.

பொட்டலத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு செங்காங்கில் வீட்டுக்குப் போகும் ரயிலில் உட்கார்ந்தேன். என் மகன் மாறன் பட்டாளத்துக்குப் போய் அந்த வாரத்தோடு ஒரு வருடம். எங்கள் வீட்டுக்குள் அவன் கடைசியாகச் சிரித்து அதைவிட அதிக நாள் ஆகிறது. இதை எழுதுவது அதனால்தான். "உனக்கென்னப்பா, சிங்கப்பூர்ல இருக்க" என்று போனில் சொல்லும் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

2

நான் நாகப்பட்டினத்திலிருந்து செம்பவாங் கப்பல் பட்டறைக்குக் கூலியாக வந்தவன். இப்போது கப்பலின் அடிப்பக்கத்துக்கு அடிக்கும் பெயிண்ட் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிற வேலை. ஊரில் கல்யாணமாகி, பிறகுதான் மங்கை இங்கே வந்தாள். மாறனைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவனுக்கும் எங்களுக்கும் பிஆர் என்கிற நிரந்தரவாச நீல அட்டை கிடைத்த அன்று கேசரி கிண்டினாள். அந்த அட்டையோடு வேறு என்னவெல்லாம் வரும் என்று அன்றைக்கு யார் யோசித்தார்கள்.

பட்டறைக்குக் கிரேக்க முதலாளிகளின் கப்பல்கள் நிறைய வரும். அவர்கள் தங்கள் பழங்கதை வீரர்களின் பெயரைத்தான் கப்பலுக்கு வைப்பார்கள், நம் ஊரில் லாரிக்கு முருகன் துணை என்று எழுதுவதைப்போல. ஒருமுறை 'அக்கிலீஸ்' என்று முகப்பில் எழுதிய கப்பல் வந்தது. வீட்டுக்கு வந்து மாறனிடம் சொன்னேன். அப்போது அவன் தொடக்கப்பள்ளியில் கீழ் வகுப்பு. மறுநாளே பள்ளி நூலகத்திலிருந்து படம் போட்ட புத்தகம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். என் இங்கிலீஷும் அவன் இங்கிலீஷும் அன்று ஒரே உயரம். இருவரும் வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தோம்.

கதை இதுதான். அக்கிலீஸின் தாய் ஒரு கடல் தேவதை. தகப்பன் மனிதன். ஆகவே மகன் சாகப் பிறந்தவன். அது அவளுக்குப் பொறுக்கவில்லை. பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு செத்தவர்கள் கடக்கிற ஆற்றுக்குப் போனாள். நம் வைதரணி மாதிரி ஒன்று. அந்தத் தண்ணீர் பட்ட உடம்பை எந்த ஆயுதமும் தீண்டாது. குதிகாலைப் பிடித்துத் தலைகீழாக முக்கி எடுத்தாள். அவள் கை பிடித்திருந்த இடம் மட்டும் நனையவில்லை. பின்னாளில் பெரிய போரில், எல்லாரையும் வென்ற பிறகு, அந்த இடத்தில்தான் அம்பு பாய்ந்து செத்தான்.

நம்மிடம் இதற்கு இணையான கதை இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதையும்தான் சொன்னேன். அவனுக்குப் பிடித்தது இது.

"அப்பா, அவன் அம்மா ஏன் கைய மாத்திப் புடிச்சு இன்னொரு வாட்டி முக்கல?" என்று கேட்டான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் பட்டறையில் நாங்கள் செய்வதே அதுதான். தண்ணீரை வெளியேற்றிய துறையில் கப்பல் வெறும் தரையில் நிற்காது. அடியில் வரிசையாகக் கட்டைகள் வைத்து அதன்மேல் உட்கார வைப்போம். கட்டை தாங்கும் இடத்தில் பெயிண்ட் அடிக்க முடியாது. துரு முதலில் அங்கேதான் பிடிக்கும். அதனால் சில வருடம் கழித்து அதே கப்பல் திரும்பி வரும்போது, போன தடவை கட்டை எங்கே இருந்தது என்று பார்த்து, இந்தத் தடவை தள்ளி வைப்போம். விட்டுப்போன இடத்துக்கு அப்போது பெயிண்ட் ஏறும். இதை அவனுக்குக் காகிதத்தில் வரைந்து காட்டினேன்.

"அப்போ அவன் அம்மாவ விட உங்க பாஸ் கெட்டிக்காரர் லா" என்றான்.

மங்கை அடுப்படியில் இருந்தாள். "அப்பனும் மகனும் என்ன சிரிப்பு, சாப்பிட வாங்க" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள். அந்தக் கதையை அவள் கேட்கவில்லை.

3

இங்கே நீல அட்டை வாங்கிய குடும்பத்தின் பையன்கள், படிப்பு முடிந்ததும் இரண்டு வருடம் பட்டாளத்தில் இருந்தாக வேண்டும். குடிமகனுக்கு என்ன சட்டமோ அதே சட்டம். வேண்டாம் என்றால் காலத்தோடு அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகலாம். ஆனால் பிறகு இந்த வாசலை அவன் மறந்துவிட வேண்டியதுதான். வெளிநாட்டில் கொஞ்ச நாள் அதிகமாகத் தங்குவதற்கும் அனுமதி வாங்க வேண்டும், அதற்குப் பிணைப் பணமும் கட்ட வேண்டும். எங்களைப்போல வந்தவர்கள் வீட்டில் மகனுக்கு மீசை அரும்பினால் தாய்மார்கள் மெல்லப் பேச ஆரம்பிப்பார்கள். யார் பையனைத் திருச்சிக்கு அனுப்பிவிட்டார்கள், யார் ஆஸ்திரேலியா போனார்கள் என்று கோவில் பிரகாரத்தில் பேச்சு நடக்கும். ஆண்கள் நாங்கள் செருப்பைப் பார்த்துக்கொள்கிற மாதிரி தள்ளி நிற்போம்.

அக்கிலீஸ் கதையிலும் இது உண்டு. மகன் போருக்குப் போனால் திரும்ப மாட்டான் என்று அந்தத் தாய்க்குத் தெரியும். அவனுக்குப் பெண்பிள்ளை உடை உடுத்தி, வேறொரு ராஜா வீட்டு அந்தப்புரத்தில் ஒளித்து வைத்தாள். தேடி வந்த தூதன் பலே ஆள். பெண்கள் முன்னால் நகையும் பட்டும் பரப்பி, நடுவே ஓர் ஈட்டியையும் போட்டான். எல்லாரும் நகையை எடுத்தார்கள். ஒருத்தி மட்டும் ஈட்டியை எடுத்தாள்.

மங்கையின் அந்தப்புரம் கோயம்புத்தூரில் இருந்தது. அவள் தம்பி ஒரு பொறியியல் கல்லூரியில் இடம் பேசி வைத்திருந்தான். மாறனுக்குப் பதினாறு முடியும் முன்பே ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அதை எடுத்தாள்.

"மாமா வீட்டுல தனி ரூம் இருக்கு. நாலு வருசம் படிச்சிட்டு அமெரிக்கா கூடப் போகலாம்டா."

"நான் போகல மா."

"துப்பாக்கி தூக்கணும்னு உனக்கு என்ன தலையெழுத்து? நாம என்ன இங்கயே பொறந்தவங்களா?"

"ஸ்கூல்ல என்ன சொல்றாங்க தெரியுமா? பிஆர் பசங்கன்னா டைம் வந்தா ஓடிடுவாங்கன்னு சொல்றாங்க. எல்லா பெனிஃபிட்டும் எடுத்துட்டு ஓடிடுவாங்கன்னு. என் கிளாஸ் ஃபைசல் போறான், வெய் ஜியே போறான். நான் மட்டும் ஓடணுமா? திஸ் இஸ் மை பிளேஸ், மா."

"இது உன் ஊர்னா, அது யாரோட ஊரு?"

"உங்க ஊரு" என்றான். திட்டுவதுபோலச் சொல்லவில்லை. தண்ணீர் எடுத்துத் தா என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னான். அதுதான் அவளுக்கு வலித்தது. அன்று அவள் சாப்பிடவில்லை.

மருத்துவச் சோதனையில் அவனுக்கு முதல் தரம் கிடைத்தது. எந்தச் சண்டைப் பிரிவுக்கும் போகலாம். தினமும் ஆற்றோரமாக ஓட ஆரம்பித்தான். மங்கை செவ்வாய்க்கிழமைகளில் சிராங்கூன் சாலைக் காளி கோவிலுக்குப் போக ஆரம்பித்தாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லியிருக்கவும் மாட்டாள்.

4

பட்டாளத்துக்குக் கிளம்பச் சில வாரங்கள் இருந்தபோது, எங்கள் கட்டடத்துக்குப் பக்கத்துப் பந்துத் திடலில் அது நடந்தது. ஓடிக்கொண்டிருந்தவன் சட்டென்று நின்று, "யாருடா பின்னால உதைச்சது?" என்று திரும்பிப் பார்த்திருக்கிறான். பின்னால் யாருமே இல்லை. பிறகுதான் விழுந்தான். ஃபைசல்தான் தோளில் தாங்கி டாக்ஸி பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனான். ஃபைசல் நாகூர் பக்கத்துப் பூர்வீகம். மூன்று தலைமுறையாகப் பாசிர் ரிஸ் பக்கம் இருக்கும் குடும்பம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இளம் சீன டாக்டர் காலைத் திருப்பிப் பார்த்து ஒரு பெயரைச் சொன்னார். அக்கிலீஸ் டெண்டன். அவ்வளவு வலியிலும் மாறன் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டான். "அப்பா, அந்தப் பையன் பா" என்றான்.

மங்கைக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன சொல்றாரு டாக்டர்?" என்று கேட்டாள். "நரம்பு அறுந்துடுச்சு மா" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னான். நரம்பு என்றதும் அவள் முகம் செத்துப்போயிற்று. அது நரம்பு இல்லை, குதிகாலுக்கு மேலே இருக்கிற தசைநார், தைத்துவிடலாம் என்று நான் சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

யோசித்துப் பாருங்கள். எந்தக் காலத்துக் கிரேக்கன். இருந்தானோ இல்லையோ அதுவும் தெரியாது. செங்காங்கில் ஒரு தமிழ்ப் பையன் காலுக்குள் உட்கார்ந்திருக்கிறான். உங்கள் காலிலும் இருக்கிறான், குனிந்து தொட்டுப் பாருங்கள். தாய் பிடித்த இடத்துக்கு உலகம் மகன் பெயரை வைத்திருக்கிறது. பிடித்தவள் பெயரை எங்கும் வைக்கவில்லை.

அறுவைச் சிகிச்சை முடிந்து மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்தான். பட்டாளம் தள்ளிவைக்கப்பட்டது. கட்டு நனையக் கூடாது என்பதால் குளியல் பெரும்பாடு. குளியலறையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அரைக்கால் சட்டையோடு உட்காருவான். இடது காலில் கடைப் பையைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டு, மங்கை அதைத் தன் ஒரு கையால் வாசலுக்கு வெளியே தூக்கிப் பிடித்திருப்பாள். மறுகையால் அவன் தலையில் தண்ணீர் ஊற்றுவாள். "மா, கூச்சமா இருக்கு, விடு" என்பான். "பெத்தவளுக்கு என்னடா கூச்சம்" என்பாள். இருவரும் சிரிப்பார்கள். ஒருநாள் கூடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உடம்பு முழுக்க நனைந்திருந்தது, குதிகால் மட்டும் அவள் கையில் காய்ந்திருந்தது. எழுந்து மாடத்துக்குப் போய் நின்றுகொண்டேன்.

மங்கைக்கு அவைதான் நல்ல நாட்கள். மகன் அவள் கைக்குள் இருந்தான். தேக்காவுக்குப் போய் வெள்ளிக் காலுக்குச் சொல்லிவிட்டு வந்தாள். ஒரு மாலை அடுப்படியில் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கோயம்புத்தூர்த் தம்பியிடம் பேசினாள்.

"ஆத்தா கண்ணத் தொறந்துட்டாடா. இவன அனுப்பாத, நான் உரு செஞ்சு போடுறேன்னு வேண்டிக்கிட்டேன். கால்ல கைய வச்சு நிறுத்திட்டா பாரு."

மாறன் ஊன்றுகோலோடு அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

"நீ கேட்டியா?"

"என்னடா?"

"என் கால் உடையணும்னு நீ சாமிகிட்ட கேட்டியா?"

"ஐயோ, கால யாருடா கேட்டா? நீ போகக் கூடாதுன்னுதான் கேட்டேன்."

"சேம் திங் லா, மா."

சாமி, வேண்டுதல் எதிலும் அவனுக்கு நம்பிக்கை கிடையாது. வேண்டியதால் கால் அறுந்தது என்று அவன் நினைக்கவில்லை. அறுந்தபோது அவள் சந்தோஷப்பட்டாள் என்பதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. அந்த வாரங்களின் சிரிப்பு எல்லாம் அதனால்தான் என்று கணக்குப் போட்டுவிட்டான். மறுநாள் முதல் கதவைத் தாழிட்டுக்கொண்டு தானே குளித்தான். வெள்ளிக் காலை எடுத்துவர மங்கை போகவில்லை.

5

கால் ஆறியது என்றார்கள். தரம் குறைந்துவிட்டது. ஆனாலும் போக வேண்டிய நாள் வந்தது. இங்கே அது ஒரு சடங்கு. பெற்றவர்களும் கூடவே பயிற்சி முகாம் இருக்கும் தீவுக்குப் போய், பையன் படுக்கப்போகும் கட்டிலைப் பார்த்து, உறுதிமொழி எடுப்பதைப் பார்த்து, அவனோடு ஒருவேளை சாப்பிட்டுவிட்டு வரலாம். கல்யாணம் முடித்துப் பெண்ணைப் புகுந்த வீட்டில் விட்டுவிட்டு வருவதைப்போல இருக்கும்.

"அப்பா மட்டும் வந்தா போதும்" என்றான்.

மங்கை புளிசாதம் கட்டி எடுத்துக்கொண்டு தீவுக்குப் போக இறங்க வேண்டிய பாசிர் ரிஸ் ரயில் நிலையம் வரை வந்தாள். பிளாட்பாரத்து நாற்காலியில் உட்கார்ந்து, "நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கயே இருக்கேன்" என்றாள். மாறன் அவளைப் பார்த்து, "ஓகே மா, வரேன்" என்று மட்டும் சொன்னான். நான் தீவுக்குப் போய் அவனோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். தாய்மார்கள் எல்லாரும் மகன்களின் புதிதாய் மழித்த தலைகளைத் தடவிக்கொண்டிருந்தார்கள். என் கைக்கு அந்தப் பழக்கம் இல்லை. திரும்பி வந்தபோது மங்கை அதே நாற்காலியில், அதே டப்பாவோடு இருந்தாள். "என்ன சோறு போட்டாங்க?" என்று கேட்டாள். கோழியும் சோறும் என்றேன். "வயிறாறச் சாப்பிட்டானா?" என்றாள். சாப்பிட்டான் என்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. அவனுக்கு லேசான பயிற்சிதான் கொடுத்தார்கள். அது அவனுக்குப் போதவில்லை. தரத்தைத் திரும்ப உயர்த்திக் காட்ட வேண்டும் என்று விடுப்பு நாட்களில் பாசிர் ரிஸ் கடற்கரைப் பூங்காவில் தானாக ஓடியிருக்கிறான். வலித்ததை ஃபைசலிடம் தவிர யாரிடமும் சொல்லவில்லை. ஒரு ஞாயிறு ஃபைசல் போன் செய்தான். "அங்கிள், நான் வேணாம்னு சொன்னேன் அங்கிள். அவன் கேக்கல. அதே கால்தான் அங்கிள்." பெரிய பையன், போனில் அழுதான்.

அதே இடத்தில் மறுபடியும். இந்த முறை டாக்டர் தைத்துவிட்டு உண்மையையும் சொன்னார். நடக்கலாம். ஓட முடியாது. கொஞ்சம் சாய்ந்துதான் நடப்பான்.

அக்கிலீஸுக்கு முன்னால் இரண்டு வழி வைத்தார்களாம். ஊரோடு இருந்தால் நீண்ட ஆயுள், பெயர் இருக்காது. போருக்குப் போனால் அற்ப ஆயுள், பெயர் அழியாது. அவன் பெயரை எடுத்துக்கொண்டான். என் மகனுக்கு இரண்டும் வாய்க்கவில்லை. பெயரும் இல்லை, பழைய காலும் இல்லை. பட்டாள அலுவலகத்தில் மேசை வேலை கொடுத்திருக்கிறார்கள். மாலையானால் வீட்டுக்குப் போகலாம். எல்லாப் பையன்களும் வீட்டுக்குப் போகிறார்கள். இவன் பாசிர் ரிஸில் ஃபைசல் வீட்டுக்குப் போகிறான். ஃபைசலின் அம்மா ஜமீலா நல்ல மனுஷி. "பிள்ளை இங்க இருக்கட்டும்ணே, கோவம் ஆறுனா தானா வரும்" என்றார். இதை மங்கையிடம் சொன்னேன். "அவங்க சோறு இறங்குது, என் சோறு இறங்கல" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

6

வெள்ளிக் காலோடு வீட்டுக்குள் நுழைந்தபோது மங்கை மாறன் அறையில் இருந்தாள். கட்டில்மேல் பெரிய பை. மாறனிடமிருந்து எனக்கு வந்த செய்தி அவளுக்கும் வந்திருந்தது. மிச்சத் துணிகளையும் புத்தகங்களையும் நாளைக்குப் பாசிர் ரிஸ் ரயில் ஸ்டேஷனுக்குக் கொண்டுவர முடியுமா என்று கேட்டிருந்தான். பட்டாளம் முடிந்ததும் ஃபைசலோடு சேர்ந்து தனியாக ஓர் அறை எடுக்கப்போகிறானாம்.

பொட்டலத்தைக் கொடுத்தேன். பிரித்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "இத இப்ப எப்படிங்க போடுறது? குணமானாத்தானே போடணும்" என்றாள். பிறகு மடியில் வைத்துக்கொண்டு சட்டைகளை மடிக்க ஆரம்பித்தாள்.

அலமாரியில் அவன் சின்ன வயதில் வரைந்த ஒரு படம் கிடைத்தது. ஒரு பெண், தலைகீழாக ஒரு குழந்தை, கீழே நீல நிறத்தில் ஆறு. பக்கத்தில் நான் வரைந்து காட்டிய கப்பலும் கட்டைகளும். "இது என்ன?" என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் முதல்முறையாக அவளுக்கு அந்தக் கதையை முழுக்கச் சொன்னேன். ஆறு, குதிகால், அந்தப்புரம், ஈட்டி, அம்பு எல்லாம். மாறன் கேட்ட கேள்வியையும் சொன்னேன். பட்டறையில் அடுத்த தடவை கட்டையை மாற்றி வைப்போம் என்பதையும், அதைக் கேட்டு அவன் சிரித்ததையும் சொன்னேன்.

அவள் கை நின்றது.

"கைய மாத்திப் புடிக்கணும்னா முதல்ல விடணுமேங்க" என்றாள். "ஆத்துக்குள்ள பிள்ளைய எப்படி விடுவா?"

கப்பலும் அப்படித்தான். கட்டையை மாற்றுவதற்கு முன்னால் அது தண்ணீரில் இறங்கிக் கடலுக்குப் போயாக வேண்டும். திரும்பி வருகிற கப்பலுக்குத்தான் நாங்கள் மாற்றி வைக்கிறோம். எல்லாக் கப்பலும் திரும்பி வருவதில்லை. அதை மாறனுக்கு வரைந்து காட்டியபோது நான் சொல்லவில்லை. மங்கையிடமும் சொல்லவில்லை. அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் பாசிர் ரிஸ் போனோம். பழைய நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருந்ததால் அவள் தூண் பக்கம் நின்றுகொண்டாள். புளிசாதம் கொண்டுவரவில்லை. மாறன் கீழிருந்து ஏறி வந்தான். நகரும் படி பழுதாகி நின்றிருந்ததால் ஒவ்வொரு படியாக ஏறினான். இடது காலை வைக்கும்போது உடம்பு ஒருபக்கம் சாய்ந்தது. இரண்டாம் முறை கால் அறுந்த பிறகு அவன் எழுந்து நடப்பதை மங்கை பார்த்தது அன்றுதான்.

பையை என்னிடமிருந்து வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டான். "தேங்க்ஸ் பா" என்றான். பிறகு அவளைப் பார்த்தான்.

"சாப்டியா மா?"

"சாப்பிட்டேன். நீ?"

"ம்."

ரயில் ஒன்று வந்து, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. "சரி மா, ஃபைசல் கீழ வெயிட் பண்றான்" என்று திரும்பினான். பை கனத்தில் முதல் படியிலேயே லேசாகத் தடுமாறினான்.

மங்கையின் வலது கை தானாக முன்னால் போயிற்று. இடது கையால் அதை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவன் கைப்பிடிக் கம்பியைப் பற்றி நிமிர்ந்து, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனான். அவன் தலை மறைந்த பிறகும் அவள் அந்தக் கையை விடவில்லை.